உல்லாச ஏரியும் ஊராரின் உயிரும்

ஏரி என்று சொன்னால் தமிழ் மக்களுக்கு வயல் நினைவு வரும். ஏரி நிரம்பினால் பயன் அடைகிறவனும், கரை உடைந்தால் பாழாகிறவனும் ஒருவனே. கரைக்குக் கீழே உழுது பயிரிடும் குடியானவன்தான் அவன். அதனாலேயே, அடைமழையில் கரை கசிகிறது என்று ஒரு குரல் எழுந்தால், ஊரார் அனைவரும் மண்வெட்டியும் கூடையுமாகப் புறப்படும் வழக்கம் நம் நாட்டில் இருந்து வந்தது. எவரும் அவர்களுக்கு உத்தரவு போட வேண்டியதில்லை. ஆனால், நீரின் இன்பம் ஒரு சாராருக்கும் நீரின் அபாயம் வேறொரு சாராருக்கும் என்று பாகப்பிரிவினை ஆகிவிட்ட ஏரிகளும் உலகத்தில் இருக்கின்றன. கரைக்கு மேலே படகுகளும் தூண்டில்களும் பங்களாக்களும். கரைக்குக் கீழே, அந்தப் பங்களாக்களின் வாசற்படியை ஒருநாளும் மிதித்தறியாத ஊர்கள். இத்தகைய ஏரிகளைத் தாங்கி நிற்கும் பழைய மண் அணைகளை யார் பார்வையிடுவது, பார்த்தபின் யார் செலவு செய்வது, செலவு செய்ய மறுத்தால் யார் மதகைத் திறப்பது என்பவை சிறிய கேள்விகளல்ல. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இக்கேள்விகளுக்கு விடை காணும் முயற்சியில் ஆயிரக்கணக்கான உயிர்கள் பலியாகியிருக்கின்றன. விடையோ இன்னும் முழுமையாகக் கிடைத்தபாடில்லை.

1889-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஜான்ஸ்டவுன் என்ற தொழில் நகரம் அழிந்ததை நேயர்களிற் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். கதையின் பிற்பகுதியே, அதாவது வெள்ளமும் நெருப்பும் பிணக்குவியலுமே, அதிகமாகப் பேசப்படுகிறது. முற்பகுதிதான் நமக்கு இன்று வேண்டியது. நகருக்குச் சுமார் 14 மைல் மேலே, ஸவுத் போர்க் என்னுமிடத்தில், படகுக் கால்வாய்க்கு நீர் சேகரிப்பதற்காக மாகாண சர்க்கார் ஒரு மண் அணை கட்டிற்று. சுமார் 72 அடி உயரமும் 900 அடிக்கு மேல் நீளமும் உள்ள அவ்வணை 1853-ல் முடிவடைந்தது. முடிவடைந்தபோதே அதற்கு வேலையில்லாமற் போயிற்று. ரெயில் பாதை வந்துவிட்டது. 1857-ல் சர்க்கார் அதை ஒரு ரெயில்வே கம்பெனிக்கு விற்றது. 1862-ல் கரையில் உடைப்பு ஏற்பட்டது. அப்போது ஏரியில் நீர் குறைவாக இருந்ததால் பெருந் தீங்கு நேரவில்லை. கவனிப்பாரற்றுக் கிடந்த அதை 1875-ல் அமெரிக்கக் காங்கிரஸ் அங்கத்தினர் ஒருவர் வாங்கினார். அவர் செய்த ஒரே மராமத்து, அணையின் அடியிலிருந்த இரும்புக் குழாய்களைப் பெயர்த்தெடுத்துப் பழைய இரும்பாக விற்றதுதான். நமது பாஷையிற் சொன்னால், ஏரியின் மதகை விற்றுவிட்டார்.

பிறகு 1879-ல் பிட்ஸ்பர்க் நகரத்துச் சீமான்களுக்காக அந்த இடம் வாங்கப்பட்டது. 'ஸவுத் போர்க் மீன்பிடி வேட்டைக் கழகம்' என்று அதற்குப் பெயர். எஃகு அரசர் ஆண்ட்ரூ கார்னீகி, நிலக்கரி முதலாளி பிரிக், பிற்காலத்தில் நாட்டின் பொக்கிஷ மந்திரியான மெல்லன் ஆகியோர் அதன் அங்கத்தினர்கள். உலகத்திலே மிகச் சிறந்த இஞ்சினீயர்களைக் கூலிக்கு அமர்த்தக்கூடிய செல்வம் படைத்தவர்கள்! ஆயினும் 1862-ல் உண்டான உடைப்பை, தக்க இஞ்சினீயர் மேற்பார்வை இன்றியே, கையில் அகப்பட்ட மண்ணையும் கல்லையும் வைக்கோலையும் போட்டு மூடினார்கள். விற்கப்பட்ட குழாய்களுக்குப் பதிலாக வேறு வைக்கவில்லை. கனவான்களின் குதிரை வண்டிகள் கரைமேல் எதிரும் புதிருமாகச் செல்ல அகலம் போதாதென்று கரையின் உச்சியை இரண்டு மூன்று அடி வெட்டித் தாழ்த்தினார்கள். ஏரியில் விட்ட மீன்கள் வெள்ளத்தோடு போய்விடலாகாதென்று கலிங்கின் குறுக்கே இரும்புச் சல்லடை போட்டார்கள். மதகு இல்லை, கலிங்கு அடைபட்டது, கரை தாழ்ந்தது. நம் கிராமத்து நீர்க்கட்டியைக் கூப்பிட்டுக் கேட்டால்கூட, இந்த ஏரி எத்தனை மழைக்குத் தாங்கும் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பான்.

சொல்ல ஆளில்லாமலும் இல்லை. ஜான்ஸ்டவுனில் பெரிய இரும்பாலையை நடத்திவந்த டேனியல் மாரெல் என்பவர், 1880-ல் ஜான் புல்டன் என்ற தமது இஞ்சினீயரை அனுப்பி அணையைப் பார்வையிடச் செய்தார். நீரை வெளியேற்றக் குழாய் இல்லை, பழுதுபார்த்த இடம் உறுதியாயில்லை, கசிவு இருக்கிறது என்று புல்டன் எழுதினார். கழகத்தின் தலைவர் அனுப்பிய பதிலில், எங்கள் முயற்சியால் உங்களுக்கு எவ்வித அபாயமும் இல்லை என்று அபயம் அளித்தார். பழுதுபார்க்கும் செலவில் ஒரு பங்கு தாமே தருவதாகவும் மாரெல் சொல்லிப்பார்த்தார், ஏற்கப்படவில்லை. கடைசியில், உள்ளே இருந்தாவது கண்காணிக்கலாம் என்று எண்ணினாரோ என்னவோ, அவரே கழகத்தில் அங்கத்தினராகச் சேர்ந்து 1885-ல் காலமானார். இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. புல்டன் செய்தது நல்ல பரிசோதனை. அவர் எழுதியது உண்மையான அறிக்கை. நாட்டிலே அந்த அறிக்கைக்கு உயிர் கொடுக்கக்கூடிய அதிகாரம் எவரிடமும் இருக்கவில்லை. கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குக் கடிதம் எழுதலாம், அவ்வளவே.

மே 31-ந் தேதி காலையில் ஏரி விளிம்பு வரை ஏறிவிட்டது. கழகத்தின் அப்போதைய தலைவர் கூலியாட்களைக்கொண்டு புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டவும் சல்லடையை அகற்றவும் முயன்றார். குப்பை கூளங்கள் அடைத்துக்கொண்டதால் சல்லடை அசையவில்லை. தந்திகள் போயின. அணை உடையப்போகிறது என்ற வதந்தி ஒவ்வொரு வசந்த காலத்திலும் கேட்டுப் பழகிய ஜனங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு அணை போயிற்று. ஒரு மணி நேரத்துக்குப் பின் ஜான்ஸ்டவுனும் போயிற்று. மாண்டவர்கள் 2,200 பேருக்கு மேல். 99 குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. எழுநூறுக்கு மேற்பட்ட பிரேதங்கள் இன்னாருடையவை என்று தெரியாமலே புதைக்கப்பட்டன. கழகத்தின்மீது தொடுக்கப்பட்ட வியாஜ்யங்களில் ஒரு டாலர்கூட நஷ்டஈடு கிடைக்கவில்லை. அது தெய்வச் செயல் என்றார்கள். கார்னீகி பின்னர் ஜான்ஸ்டவுனுக்கு ஒரு புஸ்தகசாலை கட்டிக் கொடுத்தார். நல்ல கட்டிடம் என்று சொல்கிறார்கள். மாகாண சர்க்கார் அணைகளைக் கண்காணிக்க முறையான சட்டம் செய்வதற்கு 1913 வரை, அதாவது ஆஸ்டின் என்ற ஊரில் மற்றோர் அணை உடைந்து மேலும் 78 பேர் மாளும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

இது பழங்கதை, சீமான்களின் ஆணவக் கதை, இக்காலத்தில் நடவாது என்று எவரும் எண்ணவேண்டாம். அமெரிக்க சர்க்காரின் ஜாபிதாவில் 90,000-க்கு மேற்பட்ட அணைகள் இருக்கின்றன. பாதிக்கு மேற்பட்டவை தனியாருடையவை. பெரும்பாலானவை மண் அணைகள். அணை எதற்காக என்ற கலத்தில் மிகுதியாக எழுதப்பட்டிருப்பது பாசனமோ மின்சாரமோ அன்று, பொழுதுபோக்கு. ஆலைக்கென்றும் மின்சாரத்துக்கென்றும் கட்டப்பட்ட அணைகள் அந்த வேலை தீர்ந்ததும் படகுத்துறைகளாக மாறிவிடுகின்றன. வேலை செய்துகொண்டிருந்தபோது அணையினால் வருமானம் வந்தது. வருமானத்தில் ஒரு பங்கு கரைக்குப் போயிற்று. உல்லாச ஏரி ஆனபின் வருமானம் நிற்கிறது, கரைக்கு வயது ஏறுகிறது, நீரின் அழுத்தம் மட்டும் அணுவளவும் குறைவதில்லை.

ஜார்ஜியா மாகாணத்தில் டாக்கோவா என்ற ஊருக்கு அருகே 186 அடி உயரமுள்ள அருவி ஒன்று இருக்கிறது. அதன் தலைமாட்டில் கெல்லி பார்ன்ஸ் அணை. அதன் காலடியில் ஒரு சமயக் கல்லூரி. மின்சாரத்துக்காகக் கல்லூரியார் மண் போட்டு உயர்த்திய அந்த அணையில் 1957-ல் மின் உற்பத்தி நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு இருபது வருஷம் அந்த நீர்த்தேக்கம் பொழுதுபோக்குக்கு மட்டுமே பயன்பட்டது. 1977 நவம்பர் 6-ந் தேதி, மழை பெய்துகொண்டிருந்த நள்ளிரவு கழிந்த நேரத்தில், அணை உடைந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது அருவி வழியாக இறங்கிற்று. 39 பேர் மாண்டனர். பலர் குழந்தைகள். அணையின் கீழ்ச்சரிவு மிகச் செங்குத்தானது என்று விசாரணையில் வெளிவந்தது. அதை அளந்து பார்க்க ஒரு சாதாரண ஓவர்சியர் போதும். ஆனால் அளந்து பார்ப்பது எவருடைய கடமையாகவும் இருக்கவில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. பபலோ க்ரீக்கில் நிலக்கரிக் கழிவு அணை உடைந்து 125 பேர் மாண்டதையும், ராபிட் நகரத்தில் கானியன் ஏரியின் அணையும் உடைந்த வெள்ளத்தில் 238 பேர் மாண்டதையும் கண்டு, 1972-ல் அமெரிக்கக் காங்கிரஸ் அணைப் பரிசோதனைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. தனியார் அணைகளை ராணுவ இஞ்சினீயர்கள் பார்வையிட வேண்டும் என்றது சட்டம். பணம் ஒதுக்கப்படவில்லை. ஐந்து வருஷம் அச்சட்டம் அச்சடித்த காகிதமாகவே கிடந்தது. டாக்கோவாவில் 39 சவப்பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்ட பிறகுதான் ஜனாதிபதி கார்ட்டர் பரிசோதனையைத் தொடங்க உத்தரவிட்டார். அதே 1977-ல், ஜூலை மாதத்தில், அதே ஜான்ஸ்டவுனில், லாரல் ரன் என்ற மண் அணை உடைந்து சுமார் 40 பேர் மாண்டிருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1978 முதல் 1981 வரை சுமார் 8,800 அணைகள் பார்வையிடப்பட்டன. சுமார் 2,900 அணைகள், அதாவது மூன்றில் ஒன்று, பத்திரமற்றவை என்று கண்டார்கள். கண்டதை மாகாணங்களுக்குத் தெரிவித்தார்கள். மாகாணங்கள் சொந்தக்காரர்களுக்குத் தெரிவித்தன. சொந்தக்காரர்களிற் பலர், கையில் பணமில்லை என்று தெரிவித்தார்கள்.

நமது வாதத்துக்கு மிக முக்கியமான உதாரணம் 2020-ல் மிஷிகன் மாகாணத்தில் நடந்தது. அங்கே ஈடன்வில் என்ற மண் அணை 1920-களில் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டது. அதனால் உண்டான விக்ஸம் ஏரியைச் சுற்றி வீடுகள் பெருகின, படகுகள் பெருகின, ஏரி தளும்பி நிற்பதால் வீட்டு மனைகளின் விலையும் பெருகிற்று. பெருவெள்ளம் வந்தால் கலிங்கின் வழியாக அதில் பாதியளவே வெளியேற முடியும் என்று மத்திய சர்க்காரின் மின்சக்திக் கமிஷன் வருஷக்கணக்காக எச்சரித்தது. சொந்தக்காரரான பாய்ஸ் ஹைட்ரோ கம்பெனி கலிங்கை விஸ்தரிக்கவில்லை. பொறுமையிழந்த கமிஷன் 2018 செப்டம்பரில் லைசென்ஸை ரத்து செய்தது. கடுமையான தண்டனைதான். ஆனால் தண்டிக்கப்பட்டது யார்? மின்சாரம் விற்று வந்த பணம் நின்றது. அணையின் மேற்பார்வை மத்திய கமிஷனிடமிருந்து மாகாண இலாகாவுக்கு மாறிற்று. அந்த இலாகாவிலோ ஆயிரத்துக்கு மேற்பட்ட அணைகளைக் கவனிக்க இரண்டு மூன்று இஞ்சினீயர்களே இருந்தார்கள். மாகாணத்தின் விதியும் மத்தியக் கமிஷனின் விதியைவிட இளகியது. அடுத்த மாதமே பார்வையிட்டு, அணை சுமாரான நிலையில் இருக்கிறது என்று எழுதினார்கள். நீரோ இருந்த உயரத்திலேயே இருந்தது.

இன்னும் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். குளிர்காலத்தில் கம்பெனி ஏரியின் நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைத்தது. பத்திரத்தை உத்தேசித்தே அப்படிச் செய்ததாக அது கூறிற்று. ஏரியைச் சுற்றியுள்ளவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அநுமதியின்றித் தாழ்த்தியதால் நீர்ச் சிப்பிகள் ஏராளமாக மடிந்தன என்று, 2020 ஏப்ரல் 30-ந் தேதி மாகாண சர்க்கார் அந்தக் கம்பெனிமீது வழக்குத் தொடுத்தது. மே 19-ந் தேதி மாலையில் அணை உடைந்தது. ஈடன்வில் நீர் பாய்ந்து, கீழேயிருந்த ஸான்போர்டு அணையும் போயிற்று. பதினாயிரம் பேருக்கு மேல் வீடுகளை விட்டு ஓடினார்கள். பகல் வெளிச்சமும் முன்னெச்சரிக்கையும் இருந்ததால் ஓர் உயிரும் போகவில்லை. அந்த அளவுக்கு 1889-க்கும் 2020-க்கும் வித்தியாசம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். கம்பெனி மூன்று மாதத்துக்குள் இன்ஸால்வென்ஸி கோர்ட்டுக்குப் போயிற்று. சிப்பிகளைக் காப்பதைப் பரிகாசம் செய்வது நமது நோக்கமன்று. அந்தக் கம்பெனிக்குப் பரிந்து பேசுவதும் நமது நோக்கமன்று. நீரைத் தாழ்த்தியதற்கு வழக்குப் போட ஒரு சட்டம் கிடைத்த சர்க்காருக்கு, கலிங்கை விஸ்தரிக்கும் வரை நீரைத் தாழ்த்தி வை என்று கட்டளையிட மனம் கிடைக்கவில்லையே என்பதுதான் நமது துக்கம்.

சுயேச்சையான நிபுணர் குழு ஒன்று விசாரித்து 2022-ல் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. நூறு வருஷத்துக்கு முன் கரை கட்டியபோது ஓரிடத்தில் மணலைக் கெட்டிக்காமல் தளர்வாகவே கொட்டியிருந்தார்கள். ஏரி முன் எப்போதும் இல்லாத உயரத்துக்கு ஏறியதும், அந்த ஈர மணல் திடீரென்று தன் வலுவை இழந்து குழம்பைப்போல் வழிந்துவிட்டது. நீர் கரையின்மேல் ஏறி வழியுமுன்பே கரை உள்ளிருந்து குலைந்தது. இத்தனை வருஷம் எல்லோரும் கலிங்கைப் பற்றியே வாதாடிக்கொண்டிருக்க, மரணம் வேறிடத்தில் உட்கார்ந்திருந்தது. ஆகவே, கரைமேல் நடந்து, புல்லையும் புதரையும் பார்த்து, படிவத்தில் குறியிட்டுப் போவது பரிசோதனை ஆகாது. பழைய மண் அணையின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதைத் துளையிட்டு மண் எடுத்துப் பார்த்தாலன்றி அறிய முடியாது. அதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை யார் கொடுப்பது என்பதிலேதான் எல்லா உல்லாச ஏரிகளும் வந்து முட்டிக்கொள்கின்றன.

நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிக் கூறுகிறோம். அணையின் மேற்பார்வை என்பதற்கு ஓர் அடையாளம்தான் உண்டு. சந்தேகம் தோன்றிய அன்றே, சொந்தக்காரரின் சம்மதத்தையும், கரையோர வீட்டுக்காரர்களின் சம்மதத்தையும் எதிர்பாராமல், நீரைத் தாழ்த்தச் செய்யும் அதிகாரம் மேற்பார்வையாளருக்கு இருக்கிறதா என்பதே அது. அணையைப் புதுப்பிக்க வருஷங்கள் ஆகலாம். பணம் தேட வருஷங்கள் ஆகலாம். நீரைத் தாழ்த்தச் சில நாட்கள் போதும். ஏரி அழகு குன்றும், மனை விலை இறங்கும், படகுத்துறை சேறாகும் என்பார்கள். ஆகட்டும். அழகு வேண்டுமென்பவர்கள் அதற்கு வரி கொடுத்துக் கரையைப் பலப்படுத்தட்டும். அதுவரை சேற்றைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கரையோரத்தில் வசிப்பவர்களெல்லாம் கார்னீகிகள் அல்லர், பென்ஷன் பணத்தில் சிறு வீடு கட்டிக்கொண்டவர்களும் உண்டு என்று சொன்னால், அது உண்மைதான். அவர்களுக்கு சர்க்கார் கைகொடுக்க வேண்டுமென்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. விபத்து நேர்ந்த பிறகு மிஷிகன் சர்க்கார் ஏரிகளை மீட்கக் கோடிக்கணக்கான டாலர் கொடுக்கத்தானே செய்தது! அதில் ஒரு பங்கை முன்னாலேயே கொடுத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். 1979-ல் மச்சு நதியின் அணை உடைந்து மோர்வி நகரம் அழிந்ததைக் கண்ட நாடு இது. ஆயினும் அணைப் பாதுகாப்புச் சட்டம் நமக்கு 2021-ல்தான் கிடைத்தது. மழைக்கு முன்னும் பின்னும் பார்வையிட வேண்டும், மராமத்துக்குச் சொந்தக்காரர் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும், ஆபத்துக் காலத் திட்டம் தயாராக இருக்கவேண்டும், உத்தரவை மீறினால் சிறை என்றெல்லாம் அதில் இருக்கின்றன. வரவேற்கிறோம். ஆனால் அச்சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றுள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்குமே பொருந்தும். அதற்குக் குறைந்த உயரமுள்ள கரை எவ்வளவு பழையதாயினும், அதன் கீழே எத்தனை தெருக்கள் இருந்தாலும், இச்சட்டத்தின் கண்ணுக்குப் படாது. உதகையில் 1820-களில் சல்லிவனும், கோடைக்கானலில் 1863-ல் லெவிஞ்சும் ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரிகளில் இன்று சுற்றுலாப் பிரயாணிகள் படகு விடுகிறார்கள். அவற்றுக்கு அபாயம் இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. கரைகளின் வயதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

மற்றொன்று. அமெரிக்காவில் சொந்தக்காரர் தனியார், பரிசோதிப்பவர் சர்க்கார். இங்கே பெரும்பாலான அணைகளுக்குச் சொந்தக்காரரும் சர்க்கார், பரிசோதிப்பவரும் சர்க்கார். ஒரே கட்டிடத்தில் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு எழுதப்படும் குறிப்பு, புல்டனின் கடிதத்தைவிட அதிக தூரம் செல்லும் என்று நம்புவதற்கு நமக்குத் துணிவில்லை. ஆகையால், ஒவ்வோர் ஏரியின் பரிசோதனை அறிக்கையும், நீர் எந்த அளவுக்கு மேல் ஏறலாகாது என்ற கணக்கும், கரை உடைந்தால் எந்தெந்தத் தெருவுக்கு எத்தனை நிமிஷத்தில் நீர் வரும் என்ற படமும், கீழேயுள்ள ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸிலும் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும். படகு விடும் ஏரிகளில், படகுக் கட்டணத்தில் ஒரு பகுதி கரை மராமத்துக்கென்றே தனிக் கணக்கில் சேரவேண்டும். கீழே வசிப்பவர்கள் மனுச் செய்துகொண்டால், குறிப்பிட்ட நாளுக்குள் இலாகாவைச் சேராத இஞ்சினீயர் ஒருவரைக்கொண்டு பார்வையிடச் செய்யும் உரிமை அவர்களுக்கு இருக்கவேண்டும். சென்னை சர்க்கார் இவற்றுக்கு டில்லியின் அநுமதியை எதிர்பார்த்து நிற்கவேண்டிய அவசியம் இல்லை. வரும் வடகிழக்குப் பருவ மழைக்கு முன்பே உத்தரவு பிறப்பிக்கலாம்.